மீசையோடு மூழ்கியவர்

பெங்களூருக்குக் கடல் இல்லை என்ற குறையைத் தனியாளாக நின்று தீர்த்துவைத்தவர் எங்கள் சப்மரீன் சார். எலெக்ட்ரானிக் சிட்டியில், எட்டாவது மாடியில், ஊழியர்களின் சம்பளக் கணக்கைப் பார்த்துக்கொண்டே கடலடியில் குடித்தனம் நடத்திய மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். ஞானஸ்நானத்தின்போது அவருக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் இருந்தது, யாரும் படித்ததில்லை. வாசலில் நிற்கும் செக்யூரிட்டியிலிருந்து எப்போதாவது தரிசனம் தரும் பெரிய அதிகாரி வரைக்கும் எல்லோருக்கும் அவர் சப்மரீன்தான்.

ஆளைப் பார்த்தால் ஆழ்கடலுக்கும் அவருக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தோன்றாது. ஐம்பதைத் தொடப்போகும் வயது, அதற்குத் தோதான தொப்பை, கழுத்தில் மாதா டாலர், மூக்குக்குக் கீழே ஒரு மீசை. மீசை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். அந்த மீசைக்குத் தனியாக ஒரு நாற்காலி ஒதுக்கியிருந்தாலும் நிர்வாகம் ஆட்சேபித்திருக்காது. கன்டோன்மென்ட்டில் ஒரு சர்ச்சுக்குப் பின்தெருவில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் அவர் தமிழில் கன்னடம் உரிமையோடு வந்து உட்கார்ந்துகொள்ளும்; 'சும்மா' என்பது அவர் வாயில் 'சும்னே' ஆகிவிடும். கூடவே தீராத சைனஸ். பெங்களூர்க் குளிர் அவர் மூக்கில்தான் முதலில் இறங்கும். அதற்காக எந்நேரமும் மூக்கைச் சுற்றி தைலம் பூசிக்கொண்டிருப்பார். எங்கள் மாடியில் லிஃப்ட் கதவு திறந்தவுடன் தைல வாசனை அடித்தால் சார் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

நான் தர்மபுரியிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த புதிது. ஈஜிபுராவில் அறை எடுத்திருந்தேன். அவர் வீடும் அங்கேதான். ஒரே கம்பெனி வண்டி. முதல் நாள் காலை வண்டி எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறியதும் பக்கத்தில் இருந்தவர் சட்டென்று மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டார். கன்னம் உப்பியது. கண் பிதுங்கியது. முகம் சிவந்தது. மாரடைப்பு என்று முடிவுகட்டி டிரைவரின் தோளைத் தட்டினேன். அவன் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சுரங்கத்துக்குப் போனாலும் மேம்பாலத்துக்குப் போனாலும் சார் இப்படித்தான்" என்ற தோரணையில் ஓட்டிக்கொண்டே இருந்தான்.

"காதைச் சமன் பண்றேன் தம்பி," என்றார் அவர், மூக்கை விட்டுவிட்டு. "உயரம் மாறுனா அழுத்தம் மாறும். கவனிக்கலைன்னா செவிப்பறை கிழிஞ்சிடும். கடலுக்குள்ள போறவனுக்கு இது மூச்சு மாதிரி. நீயும் பண்ணு."

நானும் பண்ணினேன். பெரிய மனிதர் சொல்கிறார் என்று ஒரு வாரம் தினமும் பண்ணினேன். ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கன்னம் உப்பி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பின் இருக்கையில் வந்த பெண் வேறு வண்டிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

லிஃப்ட்டில் இன்னும் மோசம். ஆழத்திலிருந்து மேலே வருகிறவர்கள் நேராக வரக்கூடாதாம். நடுவில் ஓரிடத்தில் நின்று, உடம்பு பழகிய பிறகுதான் மேலே வர வேண்டுமாம். ஆகவே தரைத்தளத்தில் ஏறும் சார் ஐந்தாவது மாடியில் இறங்கிவிடுவார். அது வேறொரு கம்பெனியின் வரவேற்பறை. அங்கே கைகளைக் கட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி, மூன்று நிமிடம் அசையாமல் நிற்பார். பிறகு அடுத்த லிஃப்ட்டில் எட்டாவது மாடிக்கு வருவார். அந்த வரவேற்பறைப் பெண் முதலில் பயந்தாள், பிறகு தண்ணீர் கொடுத்தாள், கடைசியில் தீபாவளிக்கு இனிப்பே கொடுத்தாள்.

தண்ணீருக்குள் பேச முடியாது என்பதால், சிலிண்டர் கட்டிக் கடலடிக்கு டைவிங் போகிறவர்களுக்குச் சைகைதான் மொழி. சாருக்குத் தண்ணீருக்கு வெளியேயும் அதுதான் மொழி. புதிதாக வந்த மானேஜர் ஒருவர் திரையில் படம் படமாகப் போட்டு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். சார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவரை நேராகப் பார்த்து, கையைக் கழுத்துக்குக் குறுக்கே கத்தி மாதிரி இழுத்துக் காட்டினார். காற்று தீர்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் சைகை. இவ்வளவு பெரிய மீசை வைத்த ஆள் கழுத்தை அறுப்பதுபோல் காட்டினால் புது ஆள் என்ன நினைப்பார்? கூட்டம் அத்தோடு முடிந்தது. சப்மரீனை யாரும் கிண்டல் செய்யக்கூடாது என்று அன்றைக்கு எங்கள் பிரிவு முழுவதும் ஏகமனதாக முடிவெடுத்தது.

கடலுக்குள் இறங்குகிறவர்கள் ஜோடியாகத்தான் இறங்க வேண்டும், ஒருவரை ஒருவர் கண்காணித்துக்கொள்ள வேண்டும் என்பது இன்னொரு விதி. சாருக்கு முன்பு இரண்டு ஜோடிகள் இருந்தார்கள். ஒருவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இன்னொருவன் கையெழுத்துப் போட்டு விண்ணப்பித்து புனேவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான். அந்த இடத்துக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார். எனக்கு நீச்சல் தெரியாது. எனக்குப் பழக்கமான நீர்நிலை எங்கள் குளியலறை வாளிதான் என்று சொன்னேன். அதுதான் நல்லது, நீச்சல் தெரிந்தவன் திமிராக இருப்பான் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், ஒரு விளையாட்டு மையத்தின் நீச்சல் குளத்தில் பயிற்சி. கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த மெலிந்த கன்னடப் பையன் ஒருவன்தான் கோச். காலில் வாத்துக்கால் மாதிரி ரப்பர் துடுப்பு, இடுப்பில் ஈயக்கட்டி, முதுகில் சிலிண்டர். அந்தக் கோலத்தில் முன்பக்கமாக நடக்கக் கூடாது என்று கோச் சொல்லி முடிப்பதற்குள் நான் நடந்து, தடுக்கி, மல்லாந்து விழுந்துவிட்டேன். சிலிண்டர் கனத்தில் எழுந்திருக்கவும் முடியவில்லை, புரளவும் முடியவில்லை. கையையும் காலையும் ஆட்டிக்கொண்டு கிடந்தேன். மிதவை கட்டிய குழந்தைகள் எல்லாம் குளத்தை விட்டு வெளியே வந்து என்னைச் சுற்றி நின்று பார்த்தன.

குளக்கரையில் நாற்காலி போட்டு, மடியில் பரீட்சைத் தாள்களோடு, சாரின் மனைவி உட்கார்ந்திருப்பார். சர்ச் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னைத் தூக்கி நிறுத்தித் துண்டு கொடுத்தபோது அவர்தான் அந்த விஷயத்தைச் சொன்னார். சார் இன்னும் டைவரே கிடையாது. கடலில் வைக்கும் தேர்வில் இரண்டு முறை தோற்றிருக்கிறார்.

தேர்வில் ஒரே ஒரு கண்டம். கடலடி மணலில் மண்டிபோட்டு உட்கார்ந்துகொண்டு, கண்ணையும் மூக்கையும் மூடியிருக்கும் கண்ணாடி முகமூடியை முழுவதுமாகக் கழற்ற வேண்டும். பிறகு மாட்டிக்கொண்டு, மூக்கால் காற்றை ஊதி உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற்ற வேண்டும். வாயில் காற்றுக்குழாய் இருப்பதால் மூச்சுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மூக்கில் தண்ணீர் பட்டதும் சாருக்கு உலகமே இருண்டுவிடும். முதல் முறை மீசையின் இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்ததற்கே அலறிப் புடைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டார். மீசையை எடுங்கள் என்றான் கோச். கல்யாணத்துக்கே எடுக்காத மீசை அது. எடுக்கவில்லை, அதற்குப் பதிலாக மீசையில் வாஸ்லின் அப்பிக்கொண்டால் தண்ணீர் கசியாது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாம் முறை கசியவில்லை. முகமூடியைக் கழற்றச் சொல்லி கோச் சைகை காட்டினான். சார் தைரியத்துக்காகச் சிலுவை போட்டுக்கொண்டார். நெற்றியைத் தொட்டார், நெஞ்சைத் தொட்டார், இரண்டு தோளையும் தொட்டார். தண்ணீருக்குள் வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டுவதுதான் வழக்கம். தலைவலி, நெஞ்சுவலி, போதாததற்கு இரண்டு தோளிலும் வலி. சார் கடைசியில் கையைக் கூப்பவே, விடைபெறுகிறார் போலிருக்கிறது என்று பதறிய கோச் அவரை அலாக்காகத் தூக்கிக்கொண்டு மேலே வந்து, படகில் படுக்கவைத்து, நெஞ்சை அமுக்க ஆரம்பித்துவிட்டான்.

"இது மூணாவது தடவை," என்றார் அக்கா, யாருடைய தாளிலோ ஒரு முட்டையைச் சுழித்தபடி. "இதுதான் கடைசின்னு கோச்சும் சொல்லிட்டான், நானும் சொல்லிட்டேன். இதுலயும் இல்லைன்னா அந்த முகமூடி, துடுப்பு எல்லாத்தையும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடுவேன்."

அன்றைக்குத் திரும்பும் வழியில் சாரிடம் கேட்டேன், இவ்வளவு பயத்தோடு எதற்கு சார் இந்தக் கஷ்டம் என்று. வழியில் ஒரு மேம்பாலம் வந்தது. அவர் மூக்கைப் பிடிக்கவில்லை.

"ஆபீஸ்ல எல்லாரும் சப்மரீன் சப்மரீன்னு கூப்பிடறாங்க தம்பி. முதல்ல நான்தான் பெருமையா சொல்லிக்கினேன், டைவிங் போறேன்னு. இப்ப, பாஸானா குடுக்கற டைவர் கார்டு இல்லாம அந்தப் பேரைக் கேக்கறப்போ எனக்கே கூச்சமா இருக்கு."

அதுவரை அவர் விளையாட்டாகச் செய்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கார்டு அவருக்குக் கிடைத்தே ஆக வேண்டும் என்று எனக்கு அன்றைக்கு முதல்முறையாகத் தோன்றியது.

மூன்றாவது தேர்வுக்காக, கோச்சோடு மேற்குக் கடற்கரைக்குப் பேருந்து ஏறினோம். அக்காவுக்குத் தாள் திருத்தும் வேலை இருந்ததால் வரவில்லை. பையை மட்டும் கட்டிக்கொடுத்தார். மறுநாள் படகில் தீவுக்குப் போகும்போதே என் வயிறு பேச ஆரம்பித்துவிட்டது. காலையில் தின்ற இட்லியை மீன்களுக்குப் பகிர்ந்தளித்துவிட்டு நிமிர்ந்தபோது, சார் பைக்குள் கையை விட்டு ஒரு சின்ன டப்பாவை எடுத்து மீசையில் தாராளமாக அப்பிக்கொண்டிருந்தார். மீசைக்கு உள்ளே, வெளியே, மூக்கின் ஓரம் எல்லாம். தைல வாசனை வந்தது. அவரிடமிருந்து எப்போதும் வருகிற வாசனைதானே என்று நானும் விட்டுவிட்டேன். அவருக்கோ சைனஸ், வாசனை தெரிந்து பல வருடம் ஆகியிருந்தது.

அக்கா கணக்கு டீச்சர் அல்லவா, எல்லாவற்றையும் ஒரே அளவு டப்பாவில் போட்டு வைப்பார். ஒன்றில் வாஸ்லின். ஒன்றில் தைலம்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். இரண்டு மாடி உயரத் தண்ணீர் தலைக்கு மேல் இருக்கிறது என்ற நினைப்பில் கயிற்றை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். என் மூச்சுச் சத்தம் எனக்கே வேறு யாரோ பக்கத்தில் குறட்டை விடுவதுபோல் கேட்டது. மஞ்சள் வரி போட்ட ஒரு மீன், உள்ளங்கை அளவுகூட இருக்காது, நேராக வந்து என் கண்ணாடியை முட்டி நின்று என்னை முறைத்தது. நான் அலறினேன். வாயில் குழாய் இருந்ததால் அது வெறும் குமிழியாகப் போய்விட்டது. மீன் என் சுண்டுவிரலை ஒரு கடி கடித்து, நான் சாப்பிடத் தகுதியானவன் இல்லை என்று தீர்மானித்துப் போய்விட்டது.

மணலில் மண்டியிட்டு உட்கார்ந்தோம். எதிரே கோச், பக்கத்தில் சார். நான் சாரைத் திரும்பிப் பார்த்தேன். முகமூடிக்கு வெளியே பிதுங்கிய மீசையின் இரண்டு முனைகளும் தண்ணீரில் மேல்நோக்கி எழுந்து நின்று மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. சிரித்துவிட்டேன். சிரித்தால் கன்னம் அசைந்து முகமூடியின் பிடி விட்டுவிடும் என்று சொல்லியிருந்தார்கள். விட்டது. மூக்குவரை தண்ணீர் ஏறியது. அதை ஊதித் தள்ளிவிட்டு மறுபடி பார்த்தால், சாரின் முகம் சரியில்லை.

கண்ணாடிக்குள் அவர் கண்கள் சிவந்திருந்தன. சிமிட்டினார். வேகவேகமாகச் சிமிட்டினார். மூக்கால் விட்ட காற்றில் தைல நெடி அந்தச் சின்ன முகமூடி முழுவதும் சுற்றிக்கொண்டிருந்தது என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? கண்ணிலிருந்து நீர் வழிந்து கண்ணாடிக்குள்ளேயே குளம் கட்டியது. கோச் முகமூடியைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டக் கையைத் தூக்கினான். தூக்கினானோ இல்லையோ, சார் முகமூடியைப் பிய்த்து எடுத்துவிட்டார்.

எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். சாருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அடுத்தது நான். மூச்சை அடக்கிக்கொண்டு, காலை உதைத்து, மேலே பாய்ந்தேன். தண்ணீருக்குள் செய்யவே கூடாத காரியம் அது. மேலே போகப் போக நுரையீரலில் அடைத்த காற்று விரியும்; அடக்கிக்கொண்டே போனால் நெஞ்சு வெடித்துவிடும். குளத்தில் ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுகூட அப்போது ஞாபகம் வரவில்லை. கோச் சாரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரோ என் கணுக்காலைப் பிடித்தார்கள். பிடி என்றால் அப்படி ஒரு பிடி. சரசரவென்று கீழே இழுத்து மணலில் உட்காரவைத்துவிட்டது. பிடித்தது சார். கண் தெரியாமல், முகமூடி இல்லாமல், மூக்கைச் சுற்றிக் கடலே நிற்க, ஒரு கையால் என் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் முகமூடியைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். அதிர்ச்சியில், அடக்கியிருந்த மூச்சைக் குழாய்க்குள் விட்டேன். குமிழிகள் மேலே போயின. உயிர் உள்ளேயே இருந்தது. சார் முகமூடியை மாட்டினார், தலையைச் சாய்த்தார், ஊதினார், தண்ணீரை வெளியேற்றினார். பிறகு விரல்களை வளையமாக்கி, எல்லாம் சரி என்று காட்டினார். என் காலை மட்டும் விடவில்லை.

படகில் ஏறியதும் சாரின் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து கோச் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். இவ்வளவு துணிச்சலாக முகமூடியைக் கழற்றிய ஆளை இதுவரை பார்த்ததில்லை என்று கன்னடத்தில் புகழ்ந்தான். புகழ்ந்துகொண்டிருந்தவன் மூக்கை உறிஞ்சினான். மீசைக்கு அருகில் வந்து முகர்ந்தான். அடுத்த கணம் அவன் கண்ணிலும் நீர். டப்பாவை எடுத்துப் பார்த்ததும் படகோட்டி முதற்கொண்டு எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சிரித்து முடித்ததும் கோச் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். இது செல்லாது. கண் எரிந்து கழற்றியதெல்லாம் கணக்கில் வராது. சாப்பிட்டுவிட்டு, மீசையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மறுபடி இறங்கி முறையாகச் செய்ய வேண்டும்.

சாரின் முகம் விழுந்துவிட்டது. படகின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். குடிக்கிற தண்ணீரில் துண்டை நனைத்து அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, என் உயிரைக் காப்பாத்திட்டீங்க சார், நீங்க பிடிக்கலைன்னா நான் போய்ச் சேர்ந்திருப்பேன் என்றேன்.

அவர் அந்தச் சிவந்த கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"காப்பாத்தவா? சும்னே சொல்லாத தம்பி. கண்ணு தெரியலை. தண்ணி எல்லாப் பக்கமும் இருக்கு. உன் கால் மேல போறது கையில பட்டுச்சு. நீயும் போயிட்டா நான் தனியாயிடுவேனேன்னு பயமா இருந்துச்சு. அதான் புடிச்சேன்."

நான் துண்டை மறுபடி நனைத்துப் பிழிந்தேன். மதியம் நாங்கள் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் பயத்தில், நான் வயிற்றில் இனிமேல் எதையும் நம்பி வைக்க முடியாது என்ற அனுபவத்தில். இனி நான் தண்ணீரில் இறங்கப்போவதில்லை என்று காலையில் நீந்திய மீன்கள் மேல் சத்தியம் செய்திருந்தேன். ஆனால் சிலிண்டரை மாட்டிக்கொண்டு அவர் படகின் விளிம்பில் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. நானும் மாட்டிக்கொண்டேன்.

மறுபடி அதே மணல். கோச் கழற்றச் சொல்லிக் காட்டினான். சாரின் கை முகமூடி வரை போனது, அங்கேயே நின்றது. குமிழிகள் தாறுமாறாக வர ஆரம்பித்தன. இரண்டு முறை தோற்றபோது எப்படி இருந்திருப்பார் என்பதை அப்போது கண்ணால் கண்டேன். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். மண்டியிட்டிருந்த நான் மணலில் சரிந்து உட்கார்ந்து, காலை அவர் பக்கம் நீட்டினேன்.

பெரியவர் முன்னால் காலை நீட்டக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். கடலடியில் துடுப்பு மாட்டிய காலை அவர் மடிமேலேயே நீட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் கணுக்காலை இறுகப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால், அவசரமே இல்லாமல், முகமூடியைக் கழற்றினார்.

வெறும் முகம். மூடிய கண். விரிந்த மீசை. கோச் போதும் என்று தோளைத் தட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். என் கால் மரத்துப்போனது. நான் அசையவில்லை.

கார்டு அங்கேயே கிடைத்துவிட்டது. அதற்கு எடுத்த புகைப்படத்தில் கண் இரண்டும் வீங்கி, மூக்கு தக்காளியாக இருக்கிறது. வேறு படம் எடுக்கலாம் என்று கோச் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டார். போன வருடம் கம்பெனி ஒரு கடலோர ஊரில் கிளை திறந்தபோது முதல் ஆளாகக் கைதூக்கி மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அக்காவும் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டார். அவ்வப்போது சார் கடலின் படமாக அனுப்புவார். போன வாரம் படம் இல்லை, வெறும் செய்தி. இங்கே நல்ல தண்ணீர், மீன் நிறைய, ஆனால் துணைக்கு வருகிறவன் எல்லாம் வேகமாக நீந்துகிறான், ஒரு கால் தேவைப்படுகிறது, வருகிறாயா என்று கேட்டிருந்தார்.

எனக்கு இன்னும் நீச்சல் தெரியாது. வழியில் நீச்சல் குளம் வந்தால் எதிர்ப்பக்கம் மாறி நடக்கிறேன். பேருந்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.